எழும்பும் கட்டடத்தை ஈரக் கொலோடியன் தட்டில் படமெடுப்பது எப்படி?

ஈதரும் ஆல்கஹாலும் கலந்ததில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்த பிசுபிசுப்பான திரவமே கொலோடியன். அதைக் கண்ணாடித் தட்டில் பூசி, வெள்ளிக் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே படமெடுக்கும் இந்த முறையை ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்டார். பாரிஸில் பழைய தெருக்கள் இடிபடும் முன்பும், புதிய அவென்யூக்கள் வெட்டப்பட்டபோதும் புகைப்படக் கலைஞர் சார்ல் மார்வில் இந்த முறையில்தான் பதிவு செய்தார்.

முதலில் இருட்டுக் கூடாரத்துக்கு இடம் பாருங்கள், கேமரா அப்புறம். வெள்ளிக் கரைசலிலிருந்து எடுத்த தட்டு சுமார் 10 நிமிடத்துக்குள் டெவலப் ஆக வேண்டும். காய்ந்துவிட்டால் வீண்தான்.

கண்ணாடியின் விளிம்பை மழுக்கி, சாக்பீஸ் பொடியும் ஆல்கஹாலும் கொண்டு துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் படலம் கழுவும்போது உரிந்து வரும்.

கை பழக வேண்டியது கொலோடியன் ஊற்றுவதில்தான். 18×24 செ.மீ. தட்டின் நடுவில் சுமார் 20 மி.லி. ஊற்றி, மூலை மூலையாகச் சாய்த்து, கடைசி மூலை வழியாக மீதியைப் புட்டியில் வடியுங்கள். வடியும்போது தட்டை இருபுறமும் ஆட்டுங்கள். விட்டால் வானத்தில் வரிவரியாகத் தெரியும். அந்த மூலையைத் தொட்டால் பிசுபிசுப்பின்றி ரேகை பதிய வேண்டும். அதுவே பதம். ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும். நம் வெயிலில் கொலோடியன் ஊற்றும்போதே இறுகும். ஆகவே விடியற்காலையே உத்தமம். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

பிறகு தட்டை வெள்ளிக் கரைசலில், அதாவது 8% சில்வர் நைட்ரேட்டில், ஒரே மூச்சில் இறக்குங்கள். தயங்கினால் குறுக்கே கோடு விழும். 3 நிமிடம் கழித்துத் தூக்கும்போது எண்ணெய் வழிவதுபோல் தாரை தெரிந்தால் மறுபடி முக்குங்கள். இந்தக் கரைசல் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கேமராவை அண்ணாந்து சாய்க்காமல் லென்ஸ் பலகையை மேலேற்றுங்கள். சுவர்கள் நேராக நிற்கும். லென்ஸின் திறப்பு எஃப் 16இல், நல்ல வெயிலில் 2 முதல் 5 நொடி என்று தொடங்கி, சோதனைத் தட்டில் சரிபாருங்கள். நடமாடுபவர்கள் மறைந்துபோவார்கள். கொலோடியன் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். பாரிஸின் வெளிர் சுண்ணாம்புக்கல் அழகாக விழும், செங்கல் கருத்துப்போகும். செங்கலுக்கு நேரம் கூட்டுங்கள்.

டெவலப் செய்ய, அசெட்டிக் அமிலம் கலந்த ஃபெரஸ் சல்பேட்டைத் தட்டின் விளிம்பிலிருந்து ஒரே அலையாக ஓடவிடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே வெள்ளி அடித்துச் செல்லப்பட்டு ஓட்டை விழும். சுமார் 15 நொடியில் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். பிறகு படத்தை நிலைப்படுத்த ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்); அக்காலத்துப் பொட்டாசியம் சயனைடு வேண்டவே வேண்டாம்.

முக்காலியின் மூன்று கால்களும் நின்ற இடத்தில் ஆணி அடித்து, லென்ஸின் உயரத்தையும் குறித்து வையுங்கள். லண்டனின் சிடன்ஹாமில் கிறிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகை மீண்டும் எழுந்ததை 1850களில் புகைப்படக் கலைஞர் பிலிப் டெலமோட் தொடர்ந்து பதிவு செய்தார். அப்படி வாராவாரம் எடுப்பதானால், ஒரு கால் நகர்ந்தாலும் போன வாரத் தட்டோடு இந்த வாரத் தட்டு பொருந்தாது.