நுரைக் கவசத்திற்குப் பழைய உலோகத் தோற்றம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தெருக்கூத்துக்கோ பள்ளி நாடகத்துக்கோ மார்புக் கவசம் செய்ய விரும்புவோர், உடற்பயிற்சி விரிப்பாக விற்கப்படும் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈ.வி.ஏ. (மென்மையான ஒருவகை பிளாஸ்டிக்) நுரைப்பலகையைப் பயன்படுத்தலாம். போர் வடுக்கள் வேண்டுமெனில், சூடாக்குவதற்கு முன்பே கத்தியால் ஆழமில்லாமல் கீறிவிடுங்கள். வெப்பம் பட்டதும் கீறல்கள் தாமாகவே விரியும். வெப்பக்காற்றுக் கருவியால் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்வரை சூடாக்கி, பெரிய பானையின்மீது வளைத்து, ஆறும்வரை அழுத்திப் பிடித்தால் வளைவு நிலைக்கும்.

ஒட்டுவதில்தான் நம் கடலோர ஊருக்குக் கூடுதல் கவனம் தேவை. கான்டாக்ட் பசையை இரு விளிம்புகளிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான ஈரக்காற்றில், கரைப்பான் ஆவியாகும்போது பசை குளிர்ந்து அதன்மேல் ஈரம் படிந்து இணைப்பு வலுவிழக்கக்கூடும் என்பதால், மழை நாளைத் தவிர்ப்பது நல்லது. சன்னல்களைத் திறந்து, வாயுக்களைத் தடுக்கும் முகமூடி அணிந்தே வேலை செய்யுங்கள். இதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

நீர் கலந்த வெள்ளைப் பசையை மூன்று முறை பூசி உலர்த்தியபின், கறுப்பு அக்ரிலிக் வண்ணம் அடித்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளி வண்ணத்தை மேடுகளில் மட்டும் தேய்க்கவும். பிறகு நீர்த்த பழுப்பு வண்ணத்தைத் தடவி உடனே துடைத்தால், அழுக்கு பள்ளங்களில் மட்டும் தங்கும். உண்மையான கவசம் தோள் முனையிலும் விளிம்பிலும்தான் தேயும். எங்கும் ஒரே சீராக அழுக்கு பூசினால் நம்பகத்தன்மை கெட்டுவிடும். நுரை எளிதில் தீப்பற்றும்; கோயில் வளாகத்தில் அணிபவர் கற்பூரத் தட்டிலிருந்து விலகியே நிற்க வேண்டும்.