கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: பாடங்களைக் கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறலாம் என்று நினைத்தவர்களுக்கு அது மூன்று வருடமாக நீள்வது சாதாரணம். காரணம் பெரும்பாலும் கணக்குப் பாடங்கள்தான். அதனால் கடைசி செமஸ்டருக்குள் என்னென்ன முடிய வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸை வைத்துப் பார்ப்போம்.

முதல் வேலை, 'அசிஸ்ட்' இணையதளம். உங்கள் காலேஜ், போக விரும்பும் யூசி வளாகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் கொடுத்தால், யூசி கேட்கும் பாடமும் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடமும் எதிரெதிரே வரும். மூன்று வளாகங்களுக்காவது பார்த்து, எல்லாவற்றிலும் வரும் பாடங்களை முதலில் குறியுங்கள். ஒரு யூசி பாடத்துக்கு எதிரே இரண்டு பாடங்கள் 'அண்ட்' போட்டு வந்தால் இரண்டையும் முடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் அது கணக்கில் வராது.

இரண்டாவது, கணக்கு வரிசை. ப்ரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய தயாரிப்புப் பாடம்), கால்குலஸ் 1, கால்குலஸ் 2, அப்புறம்தான் மல்டிவேரியபிள் கால்குலஸும் லீனியர் ஆல்ஜீப்ராவும். கால்குலஸ் 1 முதல், ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் சேர முடியாது. ப்ரீகால்குலஸில் தொடங்குபவருக்கு நான்கு செமஸ்டரும் இதிலேயே போய்விடும். ஒன்றில் தவறினால் ஒரு வருடம்கூடப் போகலாம், ஏனென்றால் சில பாடங்களை ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் மட்டும் அல்லது ஸ்ப்ரிங் (வசந்தகால) செமஸ்டரில் மட்டும்தான் நடத்துவார்கள். கால்குலஸ் வைத்த பிசிக்ஸும் இந்த வரிசைக்குப் பின்னால்தான் நகரும். முடிந்தால் ப்ரீகால்குலஸைச் சேருவதற்கு முந்தைய சம்மரிலேயே முடித்துவிடுங்கள்.

மீதி இடத்தில்தான் பொதுப் பாடங்கள், அதாவது எந்த மேஜராக இருந்தாலும் படிக்கும் பாடங்கள். யூசிக்கு மாற்றத்தக்க 60 செமஸ்டர் யூனிட் (ஒரு பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) தேவை, அதாவது செமஸ்டருக்கு 15. 2025 ஃபாலில் சேர்ந்தவர்கள் முதல் 'கால்-கெட்-சி' என்ற பொதுப்பாடத் தொகுப்பு: 11 பாடங்கள், 34 யூனிட். அறிவியல் மேஜர்காரர்கள் இதை முழுதாக முடிக்கிறேன் என்று மேஜர் பாடங்களைத் தள்ளிப்போடுவது வீண் வேலை. சேர்க்கையில் மேஜர் பாடங்களுக்குத்தான் எடை அதிகம். யூசி கேட்கும் இங்கிலீஷ் பாடங்கள் இரண்டையும் மட்டும் முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

மதிப்பெண் சி-க்குக் குறையக்கூடாது. சி மைனஸ் உதவாது. ஆனால் சி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்து ஏ ஆக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். யூசி அதை ஏற்காது.

இனி தேதிகள். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறும் 'டேக்' என்ற உறுதிச் சேர்க்கை தருகின்றன. விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் இது கிடையாது. சில வளாகங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸை இதில் சேர்ப்பதும் இல்லை. பொது விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பரில் அனுப்ப வேண்டும். ஜனவரியில் ஃபால் மதிப்பெண்ணையும் ஸ்ப்ரிங் பாடங்களையும் புதுப்பியுங்கள். சொல்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டால் கிடைத்த இடமே ரத்தாகலாம்.

கால்-கெட்-சி முடித்தவர்கள் கடைசியாகப் படித்த காலேஜில் அதற்கான சான்றை நீங்களே கேட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். தானாகப் போகாது.