தடுப்பூசி விழுக்காடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மழலையர் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய 94 விழுக்காட்டினர் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டிருந்தார்கள். நல்ல எண்தான். ஆனால் அதே மாநிலத்தின் கெயின்ஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) அது 82தான். அங்குள்ள ஒரு பள்ளி மாவட்டத்தில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள பள்ளிகளில், பாதிப் பேருக்குக்கூடப் போடவில்லை. 2025 தொடக்கத்தில் தட்டம்மை அந்தக் கவுன்டியை மையமாக வைத்துத்தான் பரவியது. ஓய்வதற்குள் மாநிலத்தில் 762 பேருக்குத் தொற்று உறுதியானது. தடுப்பூசி போடாத 2 குழந்தைகள் இறந்தார்கள்.

மாநிலச் சராசரியை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். தட்டம்மையைத் தடுத்து நிறுத்த ஒவ்வொரு ஊரிலும் சுமார் 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். தடுப்பூசி போடாத குழந்தைகள் மாநிலம் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரே தெருவில், ஒரே பள்ளியில், ஒரே உறவு வட்டத்தில் சேர்ந்திருப்பார்கள். கிருமிக்கு அது போதும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் நின்றாலும், விடுபட்ட குழந்தைகள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். ஆண்டுக்கு 10,000 குழந்தைகள் பிறக்கும் ஒரு பகுதியில் 80 விழுக்காட்டினருக்குத்தான் போடுகிறார்கள் என்று வையுங்கள். ஐந்து ஆண்டுகளில் 10,000 குழந்தைகள் பாதுகாப்பின்றி நிற்பார்கள். ஓராண்டில் பிறக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் சமம் இது! வரைபடத்தில் கோடு நேராகத்தான் போகும், ஆபத்து மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் ஒப்பிடுவதும் இதைப் போன்றதுதான். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018இல் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததால் 2 குழந்தைகள் இறந்தார்கள். பல மாதங்கள் தடுப்பூசிப் பணியே நின்றது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை விழுக்காடு சுமார் 31க்கு இறங்கியது. அடுத்த ஆண்டு பரவிய நோயில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அதே சமயம் டோங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை பரவியது. ஆனால் அங்கே முன்பே நிறையப் பேருக்குப் போட்டிருந்ததால் உயிரிழப்பு இல்லை. 2019 இறுதியில் வீடு வீடாகப் போய்ப் போட்டதில் சமோவாவின் எண் மளமளவென ஏறியது. நடுவில் இருந்த பள்ளத்தை விட்டுவிட்டு இரு முனைகளை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதை தெரியவே தெரியாது.

அப்புறம், எண் எப்படி வந்தது என்று கேட்காமல் ஒப்பிடுவது. சுகாதாரத் துறை, ஒரு பகுதியில் போட்ட தவணைகளை அங்கே இருக்க வேண்டிய குழந்தைகளின் மதிப்பீட்டால் வகுக்கிறது. அந்த மதிப்பீடு பழைய மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்திருந்தால், அல்லது பக்கத்து ஊர்க் குழந்தைகளும் அங்கே வந்து போட்டுக்கொண்டால், விடை 100ஐத் தாண்டிவிடும். வீட்டுக்கு வீடு நடத்தும் ஆய்வு வேறு வகை. அது பெரும்பாலும் 12 முதல் 23 மாதக் குழந்தைகளைப் பற்றிக் கேட்கிறது. எனவே அதில் தெரிவது ஓரிரு ஆண்டுக்கு முந்தைய நிலைமை. 200 குழந்தைகளை மட்டும் பார்த்து 80 விழுக்காடு என்று வந்தால், உண்மை ஐந்தாறு புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். எனவே 78 எடுத்த மாவட்டம் 81 எடுத்ததைவிட மோசம் என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டில் பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படுகின்றன. ஆகவே பழைய அறிக்கையில் ஓர் எண்ணையும் புதிய அறிக்கையில் ஓர் எண்ணையும் எடுத்து ஒப்பிடாதீர்கள். ஒரே வெளியீட்டிலிருந்து முழு வரிசையையும் எடுங்கள்.

குறைந்த எண்ணைப் பார்த்தவுடன் ‘அங்கே பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிவிடுகிறோமே, அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2024இல் உலகக் குழந்தைகளில் 89 விழுக்காட்டினர் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகியவற்றுக்கு எதிரானது) முதல் தவணையைப் பெற்றார்கள், மூன்றாவதைப் பெற்றவர்கள் 85. ஒரு தவணைகூடப் பெறாதவர்கள் சுமார் 1.43 கோடி. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போராலும் நெருக்கடிகளாலும் நிலைகுலைந்த நாடுகளில் பிறந்தவர்கள். முதல் தவணைக்கு வந்து மூன்றாவதற்கு வராத குழந்தையின் வீட்டார் தடுப்பூசியை மறுத்தவர்களாக இருக்க வாய்ப்பு குறைவு. மருந்து தீர்ந்துபோயிருக்கலாம், கூலி வேலையை விட்டு வர முடியாமல் இருந்திருக்கலாம், அடுத்த தேதியை யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆகவே ஒரு பகுதியின் எண்ணைப் பார்க்கும்போது முதல் தவணையையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதே குறைவென்றால் மருத்துவ ஊழியர் அங்கே போய்ச் சேர்கிறாரா, ஊராருக்கு அவர்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முதலாவது உயர்ந்து மூன்றாவது சரிந்திருந்தால், அந்தச் சுகாதார நிலையம் எந்தக் கிழமையில், எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.