ஹூஸ்டனில் கேஸ் விழுந்தால்: கவுண்டி கோர்ட் நடைமுறை

டெக்சாஸின் ஹூஸ்டனில் நம்மவர்கள் யாராவது கேஸில் சிக்கினால் துணைக்குக் கூப்பிடுவது என்னைத்தான். பெரும்பாலும் குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல்முறை பிடிபட்டவர்கள். அது ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும். ஃபெலனி, அதாவது பெரிய குற்றம் என்றால் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு), டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்று வேறு பாதை.

கைதாகி 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, குற்றச்சாட்டையும் உரிமைகளையும் சொல்லி, ஜாமீன் நிர்ணயிப்பார்கள். “ரெண்டே பீர்தான் சார்” என்று அங்கே கதையை ஆரம்பிக்காதீர்கள். வக்கீல் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். வசதி இல்லாவிட்டால் நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

லைசென்ஸ் தனி விவகாரம். முடக்க நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் விசாரணை கேட்க வேண்டும். கோர்ட் தேதியையே பார்த்துக்கொண்டிருந்து இதைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு.

அப்புறம் வாய்தாதான். பெல்ட்டைக் கழற்றி ஸ்கேனரில் வைத்து உள்ளே போய், பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். இரு தரப்பு வக்கீல்களும் ஓரமாக நின்று ஏதோ பேசுவார்கள். அடுத்த தேதி போட்ட தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஆனால் போகாமல் விட்டால் வாரண்ட் வரும்.

கடைசியில் அரசு வக்கீலோடு பேசி முடிக்கலாம், இல்லையென்றால் பொதுமக்களில் ஆறு பேர் கொண்ட ஜூரி முன் விசாரணை. தண்டனை பதியாமல் கண்காணிப்பில் விடுகிறோம் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் குடியேற்றச் சட்டம் அதையும் தண்டனையாகவே பார்க்கும். ஹெச்1பி வேலை விசா, கிரீன் கார்டுக்காரர்கள் குடியேற்ற வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.