ஃபாபரின் சோதனைகளை நீங்களே செய்து பார்ப்பது எப்படி

பூச்சி ஆய்வாளர் ழான் ஆன்ரி ஃபாபர் 1823-இல் தெற்கு பிரான்சில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கார்பான்ட்ரா, அழாக்சியோ, அவின்யோன் ஊர்களில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1879-இல் செரின்யான் கிராமத்தில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் நிலத்தை வாங்கினார். அதற்கு 'அர்மாஸ்' என்று பெயர். அந்த வட்டார மொழியில் அதன் பொருள் தரிசு. 1915-இல் இறக்கும்வரை அங்கேயே பூச்சிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய புகழ்பெற்ற சோதனைகளுக்கு வேண்டியிருந்தவை மிகக் கொஞ்சம்: மணல் நிரப்பிய சட்டி, உணவை மூடும் கம்பிவலை மூடி, கண்ணாடிக் குழாய், நாணல் துண்டு, லென்ஸ், இடுக்கி. அதனால் அவற்றை இன்றும் யாரும் செய்து பார்க்கலாம். செய்து பார்க்கத்தான் வேண்டும். ஃபாபரை மேற்கோளாக மட்டும் தெரிந்துகொண்டவர்கள் அவர் எழுதியதில் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

அவருடைய முறையின் உயிர்நாடி இதுதான்: பூச்சி தன் வேலையில் மூழ்கியிருக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும், பிறகு எண்ண வேண்டும். இரண்டு விஷயங்களை ஒன்றாக மாற்றிவிட்டால் விடை எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. கீழே உள்ள எல்லாவற்றிலும் தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தொடங்குவதற்கு ஏற்றது: குழாய்க்கூட்டுத் தேனீக்கள்

கூட்டமாக வாழாமல், வெற்றுத் தண்டுகளுக்குள் மண் தடுப்பு வைத்து அறை அறையாகக் கூடு கட்டும் ஆஸ்மியா தேனீக்களை ஃபாபர் தன் அறையிலேயே கூடுகட்ட வைத்தார். சன்னலைத் திறந்துவிட்டு, மேசைமேல் நாணல் துண்டுகளையும் கண்ணாடிக் குழாய்களையும் அடுக்கினார். குழாயின் ஆழத்தில் இருக்கும் அறைகளிலிருந்து பெண்களும், வாயருகே உள்ள அறைகளிலிருந்து ஆண்களும் வெளிவந்தன. பிறகு குழாயை மட்டும் மாற்றிப் பார்த்தார். குட்டையான அல்லது ஒடுக்கமான இடம் கொடுத்தபோது தாய் பெரும்பாலும் ஆண் முட்டைகளையே இட்டது. இடத்தைப் பார்த்துத் தாய்தான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். சேமித்து வைத்த விந்தை முட்டைக்குச் சேர்ப்பதா வேண்டாமா என்பது தாயின் கையில் இருப்பதால்தான் இது நடக்கிறது.

இந்தச் சோதனைக்குத் தோட்டத்தில் ஓர் ஓரம் போதும்.

1. மூன்று கட்டுகள் தயார் செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் 20 தண்டுகள். முதல் கட்டு: உள்விட்டம் 8 மி.மீ., நீளம் 15 செ.மீ. இரண்டாவது: அதே 8 மி.மீ., நீளம் 4 செ.மீ. மூன்றாவது: உள்விட்டம் 6 மி.மீ., நீளம் 15 செ.மீ. தண்டைக் கணுவை ஒட்டி வெட்டினால் கணுவே பின்பக்க அடைப்பாகிவிடும்.

2. வாய்ப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் தேனீயின் இறக்கை கிழியும், அல்லது தேனீ அந்தத் தண்டைத் தொடாது. பிளாஸ்டிக் குழல்கள் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் மகரந்தம் பூசணம் பிடிக்கும், புழு செத்துப்போகும்.

3. காலை வெயில் படும் சுவரில், 1 முதல் 2 மீட்டர் உயரத்தில், மழை படாதபடி மூன்று கட்டுகளையும் பக்கம் பக்கமாக இறுக்கிப் பொருத்துங்கள். காற்றில் ஆடும் கட்டில் தேனீ குடியேறாது. கட்டுகள் வேறு வேறு இடத்தில் இருந்தால் வெயிலும் மாறிவிடும், சோதனை கெட்டுவிடும்.

4. அருகில் ஈரக் களிமண் வேண்டும். ஒரு சிறு குழி தோண்டி, பருவம் முழுக்க அதன் பக்கவாட்டை ஈரமாக வைத்திருங்கள். மண் கிடைக்காததாலேயே பல கட்டுகள் காலியாகக் கிடக்கின்றன.

ஐரோப்பாவில் இந்தத் தேனீக்கள் வசந்தத் தொடக்கத்தில் பறக்கும். தெற்கு பிரான்சில் பிப்ரவரியிலேயே வெளிவரத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே கட்டுகள் சுவரில் இருக்க வேண்டும். கூடு மூடப்பட்ட பிறகு எடுத்து ஆட்டிப் பார்க்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முட்டையும் இளம்புழுவும் மகரந்தக் குவியலின்மேல் ஒட்டியிருப்பவை, ஒரு குலுக்கலில் கழன்று விழுந்து பட்டினியால் செத்துவிடும். பறக்கும் காலம் முடிந்ததும் ஒட்டுண்ணிக் குளவிகள் நுழையாதபடி கட்டைச் சன்னமான துணிப்பையில் போட்டு, நிழலில் அசையாமல் வையுங்கள்.

அக்டோபர் கடைசியில் தண்டைப் பிளக்கலாம். அதற்குள் பூச்சி முழு உருவம் பெற்று, தன் பட்டுக்கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். பின்னறையிலிருந்து எண்ணத் தொடங்கி ஒவ்வொரு கூட்டையும் தனிக் குப்பியில் இட்டு, தண்டு எண்ணையும் அறை எண்ணையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால் ஓராண்டு உழைப்பு போனது போனதுதான். கூட்டின் அளவை வைத்துப் பாலினத்தை ஊகிக்கலாம், ஆனால் அது சான்றாகாது. குளிர்காலம் முழுக்க 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, வசந்தத்தில் வெளியே எடுத்து, பூச்சி வந்ததும் பாருங்கள். ஆணுக்கு முகத்தில் வெள்ளை மயிர் இருக்கும், உணர்கொம்பும் நீளம். எழுதிக்கொண்ட அன்றே பறக்கவிடுங்கள்.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. தேனீக்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துப் பலர் வைக்கும் கூட்டுப் பெட்டிகளில் துளைகள் விரற்கடை ஆழம்தான் இருக்கும். அவை ஆண்களைப் பெருக்கும் பெட்டிகள். அடுத்த ஆண்டு கூடுகட்டப் பெண்கள் இருக்க மாட்டா.

வேட்டைக்குளவியும் நகர்த்தப்பட்ட இரையும்

சுவர்க்கோழிப் பூச்சியைக் கொட்டி முடக்கி, வளைக்கு இழுத்து வரும் ஸ்ஃபெக்ஸ் குளவி, இரையை வாசலில் வைத்துவிட்டு முதலில் தான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்து வரும். அந்த இடைவெளியில் ஃபாபர் இரையைச் சற்றுத் தள்ளி வைத்தார். குளவி வெளியே வந்து தேடிப் பிடித்து, வாசலுக்கு இழுத்து வந்து, மறுபடியும் தனியாக உள்ளே போனது. மறுபடியும் நகர்த்தினார். ஒரே குளவியிடம் 40 முறை செய்தார், 40 முறையும் அதே நடத்தை.

பூச்சி வெறும் இயந்திரம் என்பதற்குச் சான்றாக இந்தக் கதை எத்தனையோ இடங்களில் திரும்பச் சொல்லப்பட்டுவிட்டது. அடுத்து நடந்ததைச் சொல்வோர் குறைவு. வேறோர் இடத்துக் குளவிக் கூட்டத்தில் அவர் இதையே செய்தபோது, இரண்டு மூன்று முறைக்குப் பிறகு குளவிகள் பார்வையிடுவதை விட்டுவிட்டு இரையை நேராக உள்ளே இழுத்துக்கொண்டன. தன் முடிவுக்கு எதிரான இதையும் ஃபாபர் மறைக்காமல் எழுதினார். அவரை மதிக்க இந்த ஓரிடமே போதும்.

செய்து பார்க்க வெயில் படும் மணற்சரிவு வேண்டும். அவர் ஊரில் ஆகஸ்டும் செப்டம்பரும் இதற்கான மாதங்கள். முந்தைய நாளே வளைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் அருகிலும் எண்ணிட்ட குச்சி நட்டுவிடுங்கள். சோதனை நாளில் புதிதாக நட்டால் குளவியின் அடையாளங்கள் குழம்பிவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி, நிழல் வளைமேல் விழாதபடி உட்காருங்கள். குளவி முழுவதும் உள்ளே மறைந்த பிறகு, இரையை இடுக்கியால் உணர்கொம்பில் பிடித்து 5 செ.மீ. நகர்த்துங்கள். விரல் படக்கூடாது. தூரம் எப்போதும் அதே 5 செ.மீ. அதிகமாக நகர்த்தினால் குளவி தேடிச் சலித்து இரையைக் கைவிடும். அப்போது நீங்கள் அளப்பது அதன் தேடும் திறனைத்தான், பழக்கத்தை அல்ல. ஒவ்வொரு முறையும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 குளவிகள், இயன்றால் இரண்டு இடங்கள். ஒரே குளவியின் 40 முறை என்பது 40 சான்றுகள் அல்ல, ஒரு சான்றுதான்.

எந்தக் குளவி எது என்று தெரியக் குறியிட வேண்டும். ஃபாபர் தேனீக்களை வெகுதூரம் கொண்டுபோய் விட்ட சோதனைகளில் சுண்ணத்தூளை அரபிக் கோந்தில் குழைத்து முதுகில் புள்ளி வைத்தார். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் அதைவிட நன்றாக நிற்கும். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே மார்பின் மேல்பக்கம், 1 மி.மீ. புள்ளி, குச்சி நுனியால். இறக்கை மூட்டிலோ கண்ணிலோ பட்டால் அந்தப் பூச்சியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். குறியிட்ட அன்று சோதனை வேண்டாம். பிடிபட்ட கலக்கம் அடங்கட்டும்.

பெண் அந்துப்பூச்சியைத் தேடி வரும் ஆண்கள்

ஒரு மே 6 காலை ஃபாபரின் வீட்டில் ஒரு பெருமயில் அந்துப்பூச்சி கூட்டை உடைத்து வெளிவந்தது. பெண். கம்பிவலை மூடிக்குள் வைத்தார். அன்றிரவே ஏறக்குறைய 40 ஆண்கள் வீட்டுக்குள் புகுந்தன. எட்டு இரவுகளில் மொத்தம் 150. எதைக் கொண்டு வழி கண்டுபிடிக்கின்றன? உணர்கொம்பை வெட்டி விட்டுப் பார்த்தார். வெட்டப்பட்டவை அநேகமாகத் திரும்பவில்லை. இங்கே நின்றிருந்தால் விடை கிடைத்ததாக நம்பியிருப்பார். அவர் நிற்கவில்லை. உணர்கொம்பைத் தொடாமல், மார்பின் மேல்பக்க மயிரை மட்டும் கொஞ்சம் நீக்கி 14 ஆண்களை விட்டார். திரும்பியவை 2. ஆக, வராததற்கு உணர்கொம்பு இழப்புதான் காரணம் என்று சொல்ல இடமில்லை. அவற்றின் ஆயுளே சில நாள்தான். ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நீங்கள் செய்யும்போது உங்கள் பகுதியில் பரவலாக இருக்கும் பட்டு அந்துப்பூச்சி இனம் ஒன்றின் கூடுகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே பெட்டியில் வெளிவந்தால் இணைந்துவிடும். இணைந்த பெண் வாசனை விட்டு ஆண்களை அழைப்பது பெரும்பாலும் நின்றுவிடும். அகன்ற சீப்பு போன்ற உணர்கொம்பு ஆணுக்கு, மெலிந்தது பெண்ணுக்கு. 30 செ.மீ. சதுர வலைக்கூண்டுகள் இரண்டு: ஒன்றில் பெண், மற்றது காலி. 5 மீட்டர் இடைவெளியில் தொங்கவிட்டு, இரவுக்கிரவு இடம் மாற்றுங்கள். வரும் ஆண்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி, காற்றின் திசையையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். எண்ணியதும் விட்டுவிடுங்கள். விளக்கு கூடாது. ஃபாபரின் பூச்சிகளே பெண்ணை விட்டு விளக்கைச் சுற்றின. மங்கலான சிவப்பு ஒளி போதும்.

பிறகு பெண்ணை இறுக மூடிய கண்ணாடி ஜாடியில் வைத்துப் பாருங்கள். நன்றாகத் தெரிந்தாலும் ஆண்கள் வராது. மூடியைச் சற்றே திறந்துவைத்தால் வரும்.

காலிக் கூண்டுக்கும் ஆண்கள் வருகின்றனவா? அப்படியானால் அதில் முன்பு பெண் இருந்திருக்கிறது. கருவாலி மரத்து அந்துப்பூச்சியில் ஃபாபர் கண்டது இதைத்தான். கண்ணாடி மூடிக்குள் கண்ணெதிரே இருந்த பெண்ணை விட்டுவிட்டு, முந்தைய இரவு அது தங்கியிருந்த வெற்றுக் கூண்டைத்தான் ஆண்கள் மொய்த்தன. வாசனை வலையிலும் மணலிலும் ஒட்டிக்கொள்கிறது. எனவே ஒப்பீட்டுக் கூண்டு எப்போதும் புது வலையாக இருக்கட்டும். கடும் நெடியுள்ள நாஃப்தலீன் (பாச்சை உருண்டை) வைத்தும் ஆண்கள் வருவது நிற்காததால், இது சாதாரண வாசனைதானா என்று ஃபாபர் தயங்கினார். 1959-இல் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து பாம்பிகால் என்ற ஃபெரோமோனை, அதாவது ஆணை ஈர்க்கும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தபோதுதான் விடை வேதியியலில் கிடைத்தது.

செய்யக் கூடாத ஒன்று

பைன் மரத்தில் வரிசையாக ஊரும் கம்பளிப்புழுக்களை மட்டும் கையில் எடுக்காதீர்கள். அவற்றின் நுண்ணிய மயிர்கள் தோலையும் கண்ணையும் கடுமையாகப் பாதிக்கும். பழைய கூட்டிலும் அந்த மயிர் கிடக்கும். நாய்கள் நக்கினால் நாக்கே அழுகிப்போகலாம். இதில் ஃபாபரின் பதிவைப் படிப்பதே போதும், ஆனால் சரியாகப் படிக்க வேண்டும்.

1896 ஜனவரி 30 அன்று 1.35 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் புழு வரிசை முழு வட்டமாகச் சேர்ந்தது. உடனே அவர் தொட்டியில் ஏறிக்கொண்டிருந்த மற்றப் புழுக்களை அகற்றி, ஏறிவரும்போது அவை விட்டிருந்த, வழிகாட்டும் பட்டுத்தடத்தையும் துடைத்துவிட்டார். ஏழு நாள் சுற்றின. குளிரில் முடங்கிய இரவுகளைக் கழித்தால் நடந்தது 84 மணி நேரம். சராசரி வேகம் நிமிடத்துக்கு 9 செ.மீ. பெருக்கினால் சுமார் 453 மீட்டர், 335 சுற்றுகள். வேகத்தை அளந்து, ஓய்ந்த நேரத்தைக் கழித்து, பிறகே பெருக்கியிருக்கிறார்.

தன்னம்பிக்கைப் பேச்சுகளில் இந்தப் புழுக்கள் உணவின் அருகிலேயே பட்டினியால் செத்ததாகச் சொல்வார்கள். அப்படி நடக்கவில்லை. குளிரால் வரிசை துண்டு துண்டாகி, சில புழுக்கள் விளிம்பை விட்டு அலையத் தொடங்கின. எட்டாம் நாள் அவை தொட்டியிலிருந்து இறங்கிக் கூடு போய்ச் சேர்ந்தன.