வெளியிடத்தில் சலம் போக முடியாத பயம்: செய்யக்கூடாதவை

புறக்கோட்டை பஸ் நிலையக் கழிப்பறையில், பின்னால் ஒருவர் காத்து நிற்பது தெரிந்ததும் ஒரு சொட்டும் வராமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தைப் போர்டிங்குகளில், மெல்லிய கதவுக்கு வெளியே சத்தம் கேட்டுவிடும் என்று மற்றவர்கள் நித்திரையாகும்வரை அடக்கி வைத்திருக்கும் பெண் பிள்ளைகளும் உண்டு. பரூரெசிஸ் என்ற பெயரோடு 1954இலேயே ஆய்வுலகில் பதிவான சிக்கல் இது. இன்று இதைச் சமூகப் பதற்றக் கோளாறின், அதாவது மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அளவுக்கு மீறிப் பயப்படும் நோயின், ஒரு வடிவமாகக் கருதுகிறார்கள்.

பெரும்பாலானோர் முதலில் செய்வது முக்கிப் பார்ப்பது. அது உதவாது. பயம் வந்ததும் உடலை உசுப்புகிற அட்ரினலின் என்ற சுரப்பு ஏறும். சலப்பையின் வாயிலில் இருக்கிற உள் தசை இறுகும், பையைச் சுருக்க வேண்டிய தசையோ சும்மா கிடக்கும். அந்த உள் தசை நாங்கள் சொல்லிக் கேட்கிற தசை இல்லை. அவசரப்படுத்த அவசரப்படுத்த இன்னும் இறுகும். இரண்டு மூன்று நிமிடம் நின்று பார்த்து வரவில்லையா, சரி, வெளியே வந்து கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பப் போங்கள்.

அடுத்தது தண்ணீரைக் குறைப்பது. காலையில் ஒரு தேத்தண்ணியோடு கந்தோருக்குப் போய், பின்னேரம் வீடு திரும்பும்வரை வாயை நனைக்காதவர்கள் கொழும்பில் நிறையப் பேர். இந்தப் புழுக்கத்தில் அப்படி இருந்தால் தலையிடியும் களைப்பும் மட்டுமில்லை, சிறுநீரகக் கல்லுக்கும் சலத் தொற்றுக்கும் வழி திறக்கும். பை ஓரளவு நிறைந்து, நல்ல அவசரம் இருக்கும்போதுதான் பயத்தை மீறிச் சலம் வரும் வாய்ப்பும் கூட. ஆக, வரவைக்கக் கூடியதையே குறைத்துக்கொள்கிறோம்.

என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒளிந்து ஒளிந்து சமாளிப்பதில் கெட்டிக்காரராகிவிடுவது. எந்தக் கடைத்தொகுதியில் எந்த மாடி வெறுமையாக இருக்கும், கந்தோரில் எத்தனை மணிக்கு ஆளில்லை, யாழ்ப்பாண பஸ் வழியில் எங்கே நிற்கும் என்று ஒரு முழு வரைபடமே தலையில் இருக்கும். கலியாண வீட்டுக்கு அரை மணித்தியாலம் போய் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தப்பித்த ஒவ்வொரு தடவையும் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியைப் பார்த்து மூளை, அந்த இடம் உண்மையிலேயே ஆபத்தானது என்று முடிவெடுக்கிறது. அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வந்து நிற்கும்.

சரி என்று துணிந்து, பின்னேரம் ஐந்து மணிக்குக் கோட்டை ரயில் நிலையத்தில் போய்ப் பழகத் தொடங்குவதும் பிழைதான். படிப்படியாகப் பழகுவதுதான் இதற்கான சிகிச்சையின் மையம். நம்பிக்கையான ஒருவர், தம்பியோ சிநேகிதியோ, வீட்டின் மறு மூலையில் இருக்க முதலில் போய்ப் பழகுங்கள். பிறகு அவர் பக்கத்து அறையில், அப்புறம் கதவுக்கு வெளியே. அது பழகியபின் ஆளில்லாத நேரத்துப் பொதுக் கழிப்பறை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய் நிறுத்திக்கொண்டால் அதே நாளில் திரும்பத் திரும்பப் பழகலாம். இதற்காகப் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்க வேண்டாம். அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும்.

எல்லாவற்றையும் மனதின் மேல் போடுவதும் கூடாது. வீட்டில் தனியே இருக்கும்போது தாராளமாகப் போகிறதென்றால் பெரும்பாலும் பதற்றம்தான். வீட்டிலும் மெல்லியதாக, விட்டு விட்டு, எரிச்சலோடு போனால் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சலப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கமோ தொற்றோ இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். தடிமனுக்குப் போடுகிற பிரிற்றன் போன்ற குளிசைகளும், மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளும் சலத்தைத் தடுக்கக்கூடும். வைத்தியர் தந்த மருந்தை அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரிடம் கேளுங்கள். அடிவயிறு வீங்கி நொந்து, வீட்டில்கூட ஒரு சொட்டும் போகவில்லையென்றால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஒன்று: "இன்னும் முடியேல்லையா?" என்று கதவைத் தட்டாதீர்கள். பகிடியும் வேண்டாம்.

வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் சலம் கேட்பார்கள் என்பதற்காகவே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் மௌனமாகத் தவிக்காமல், "எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆள் பக்கத்தில் நின்றால் வராது" என்று தாதியிடம் முதலே சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தேசிய வைத்தியசாலையின் மனநல கிளினிக்கிலும் இதே வசனத்தோடு தொடங்கலாம். நேரில் சொல்லக் கூச்சமென்றால், அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.