காற்றுப் பூதத்தை அழைக்கும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் டேபிளில் (ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் ஆடும் விளையாட்டு) புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, ஒன்பதாம் லெவல் ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரவாதி, முதல் முறையாகக் காற்றுப் பூதத்தை அழைத்தான். நாலே ரவுண்டில் சண்டை முடிந்தது. அடுத்து அவன் செய்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. போட்ட ஸ்பெல் (மந்திரம்) மட்டும்தான் வேறு.

நான் சொல்வது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளில் வரும் 'கான்ஜர் எலிமென்டல்', பூதத்தை அழைக்கும் ஸ்பெல். 2024இல் இதை அடியோடு மாற்றிவிட்டார்கள், புதிய விதியில் நான் கீழே சொல்லும் ஆபத்து இல்லை. எங்களைப் போலப் பழைய விதியிலேயே ஆடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எலிமென்டலை எங்கள் டேபிளில் பூதம் என்றுதான் சொல்வோம். ஐம்பூதத்தில் ஒன்று, கூப்பிட்டால் வரும் பூதம் என்று இரண்டு பொருளும் அந்த ஒரே சொல்லில் கிடைத்துவிடுகிறது.

கான்சன்ட்ரேஷன் போனாலும் பூதம் போகாது

கான்சன்ட்ரேஷன் என்பது ஸ்பெல்லை நிலைநிறுத்தப் போட்டவர் வைத்திருக்கும் கவனம். பெரும்பாலான ஸ்பெல்களில் அது கலைந்தால் ஸ்பெல் நின்றுவிடும், அவ்வளவுதான் நஷ்டம். இதில் அப்படி இல்லை. பூதம் அங்கேயே நிற்கும். உங்கள் பேச்சைக் கேட்காது. உங்களுக்கும் உங்கள் கூட்டாளிகளுக்கும் எதிரியாகிவிடும். நீங்களே நினைத்தாலும் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. அது தானாக மறைய, அழைத்ததிலிருந்து ஒரு மணி நேரம் முடிய வேண்டும்.

அடி வாங்கினால் கான்சன்ட்ரேஷன் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் கான்சன்ட்ரேஷன் தேவைப்படும் இன்னொரு ஸ்பெல்லைப் போட்டாலும் போகும். தப்பிக்க டைஸ் உருட்டும் சேவ் கூடக் கிடையாது, அந்த நொடியே போச்சு. ட்ரூயிட்டின் ஸ்பெல்களில் பாதிக்கு மேல் அந்த வகைதான் என்று தோன்றும் அளவுக்கு அவை நிறைய.

என் கதைக்கு வருகிறேன். சண்டை முடிந்து, பூதத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி. எதிரே பூட்டிய கதவு. எங்கள் திருடன், ஒரு நண்பன் ஆடும் கேரக்டர், பூட்டைத் திறக்க உட்கார்ந்தான். "ஒரு கைடன்ஸ் போடுப்பா" என்றான். அந்த ஆட்டம் முழுக்க இருபது தடவையாவது போட்டிருப்பேன், வாயில் ஊறிப்போன கேன்ட்ரிப், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடக்கூடிய சின்ன ஸ்பெல். "சரி, போட்டாச்சு" என்றேன். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) பென்சிலைக் கீழே வைத்தார். எங்கள் பூதத்துக்கான பொம்மை, பாட்டில் மூடியில் பஞ்சைத் திரித்து ஒட்டியது. அதை ஒரு விரலால் மெதுவாக எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை. கைடன்ஸும் கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்தான்.

ஒரு பூட்டுக்கு 1டி4 (நாலு பக்க டைஸ் ஒன்று) கூட்டித் தரப் போய், 90 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உள்ள பூதத்தை எங்கள் மேலேயே ஏவிவிட்டேன். ஒரு டர்னில் இரண்டு அடி, ஒவ்வொன்றும் சராசரி 14. ஏற்கெனவே அடிபட்டிருந்த திருடன் முதல் ரவுண்டிலேயே விழுந்தான். அவன் பிழைக்கவில்லை. நண்பன் ஒன்றரை வருடம் ஆடிய கேரக்டர் அது. அவன் கேரக்டர் ஷீட்டை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஓடலாமே என்று கேட்பார்கள். நீங்கள் 30 அடி நடக்கும் நேரத்தில் அது 90 அடி பறக்கும். கதவைச் சாத்தினால் ஒரு அங்குல இடைவெளியில் நுழைந்து வரும். உருப்படியான ஒரு வழி பேனிஷ்மென்ட், வேறு உலகத்துக்கு விரட்டும் ஸ்பெல். அதற்கான கரிஸ்மா சேவில் பூதத்துக்கு மைனஸ் 2. ஒரு நிமிடம் முழுக்கப் பிடித்துவைத்தால் அது தன் உலகத்துக்கே போய்விடும், திரும்பாது. ஆனால் ட்ரூயிட்டிடம் அந்த ஸ்பெல் இல்லை. கூட்டத்தில் ஒரு கிளெரிக்கோ விஸார்டோ (வேறு வகை மந்திரக்காரர்கள்) அதைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அதையும் பூதத்தை அழைக்கும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

எங்கள் தம்பி போட்டது 'பாஸ் வித்அவுட் ட்ரேஸ்', அதுவும் கான்சன்ட்ரேஷன் ஸ்பெல். எல்லோரும் சத்தமில்லாமல் நகர்ந்துவிடலாம் என்று நல்ல எண்ணத்தில்தான் போட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. "புதுப் பையன், ஒரு தடவை விட்டுவிடுவோம்" என்று டேபிளில் சிலர் சொன்னதில்தான் கோபம். அன்றைக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த தடவையும் போடுவான். முன்கூட்டியே எச்சரிப்பதுதான் உதவி. நான் இப்போது பூதம் இருக்கும் வரை என் ஷீட்டில் கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்கள் இருக்கும் பகுதியை ஒரு அட்டையால் மூடிவிடுகிறேன். நெடுநேரம் மந்திரம் சொல்லிப் போடும் எந்த ஸ்பெல்லும், சடங்காகச் செய்யும் ரிச்சுவலும் சேர்த்துத்தான், சொல்லி முடிக்கும் வரை கான்சன்ட்ரேஷன் கேட்கும். அவையும் அட்டைக்கு அடியில்தான்.

சண்டை தொடங்கிய பிறகு அழைப்பது

அழைக்க ஒரு நிமிடம் ஆகும். அதாவது பத்து ரவுண்ட். வேண்டாம்.

சுழல்காற்றை நம் ஆள் பக்கத்தில் விடுவது

பூதத்தின் சுழல்காற்றில் சிக்குகிறவர் ஸ்ட்ரென்த் சேவில் 13 எடுக்காவிட்டால் 20 அடி வரை தூக்கி எறியப்படுவார். எந்தத் திசை என்பது உங்கள் கையில் இல்லை. எறியப்பட்ட ஓர்க் உங்கள் மேல் வந்து விழுந்தால், டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவ் தவறினால் அவனுக்கு விழுந்த அதே அடி உங்களுக்கும் விழும். அடி விழுந்தால் கான்சன்ட்ரேஷன் சேவ். அங்கிருந்து மேலே சொன்ன கதைதான். பூதத்திலிருந்து 30 அடியாவது தள்ளி நில்லுங்கள். கான்சன்ட்ரேஷனுக்கு உருட்டும் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவில் ட்ரூயிட்டுக்கும் விஸார்டுக்கும் இயல்பான தேர்ச்சி கிடையாது. கான்சன்ட்ரேஷனைக் காக்க உதவும் வார் காஸ்டர் திறனை எடுக்காமல் இந்த ஸ்பெல்லைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

மிருகமாக மாறுவது

ட்ரூயிட் மிருகமாக மாறினாலும் கான்சன்ட்ரேஷன் கலையாது. ஆனால் கட்டளை வாயால்தான் கொடுக்க வேண்டும். கரடியால் பேச முடியாது. கட்டளை வராவிட்டால் பூதம் தன்னைத் தாக்க வருகிறவர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளும், வேறு எதுவும் செய்யாது.

குறுகலான சுரங்கம்

பத்தடிக்குப் பத்தடி காற்று வேண்டும். ஐந்தடிச் சந்தில் வராது.

முதல் தடவையே இதை எடுப்பது

2020இல் வந்த 'சம்மன் எலிமென்டல்' நாலாம் லெவல் ஸ்பெல். ஒரே ஆக்‌ஷனில் அழைக்கலாம், சண்டைக்கு நடுவிலும் அழைக்கலாம். கான்சன்ட்ரேஷன் போனால் பூதமும் மறைந்துவிடும். 50 ஹெச்பிதான், 40 அடிதான் பறக்கும். பரவாயில்லை, பழகுவதற்கு அது போதும். தம்பியிடம் அதைத்தான் எடுக்கச் சொன்னேன். 400 பொன் மதிப்புள்ள குப்பி ஒன்று வேண்டும், ஊரில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.